எலி இளைத்தது, நாம் இளைப்போமா?
(உடல் பருமன், ஈரல் கொழுப்பு, சத்துப் பவுடர் – தம்பதியருக்கு ஒரு விளக்கம்)



"ஈரல்ல கொழுப்பு இருக்குன்னு ஸ்கேன்ல எழுதியிருக்காங்க. ஏதோ ஒரு பவுடர் இருக்காம், மூணு மாசம் சாப்பிட்டா கரைஞ்சுடுமாம். வாங்கலாமா?" பள்ளிப்பட்டு சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்று அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டப்பாவின் மேல் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருக்கும். அந்த ஆராய்ச்சி பல நேரம் சுண்டெலியிடம் நடந்ததாக இருக்கும். எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் கிடைக்குமா? பணத்தை எடுக்கும் முன்பு கணவனும் மனைவியும் சேர்ந்து இதைப் படியுங்கள்.

ஈரலில் கொழுப்பு என்றால் என்ன?

உடம்புக்குத் தேவைக்கு மேல் சாப்பிட்டால் மிச்சம் கொழுப்பாகச் சேருகிறது. முதலில் வயிற்றிலும் இடுப்பிலும் சேரும், பிறகு ஈரலிலும் படியும். சாராயம் தொடாதவர்களுக்கும் இது வரும். ஆரம்பத்தில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால்தான் பலர் அலட்சியமாக இருந்து விடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈரல் வீங்கி, தழும்பு விழுந்து, கடைசியில் சுருங்கிப் போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எலியை ஏன் சோதிக்கிறார்கள்?

எலிக்கு ஆயுள் சுமார் இரண்டு வருடம்தான். மனிதனுக்கு இருபது வருடத்தில் வருவதை எலியிடம் சில மாதங்களில் பார்த்து விடலாம். நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் டாக்டர் மெக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அங்கே இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாணச் சாப்பாடு தின்ற எலிகள் கடைசியில் நின்றன. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பிறவியிலேயே பருக்கும் எலி இனம் ஒன்றும் அங்கே வளர்க்கப்படுகிறது. ஆக, எலி ஆராய்ச்சி பொய் அல்ல. அதை எப்படிப் புரிந்து கொள்வது என்பதுதான் கேள்வி.

குறையா, மிகுதியா?

கோலின் என்று ஒரு சத்து உண்டு. முட்டை, மீன், சோயா, நிலக்கடலையில் அது இருக்கிறது. கோலின் இல்லாத தீனி போட்டால் எலியின் ஈரலில் கொழுப்பு சேரும். அதைத் திரும்பக் கொடுத்தால் கொழுப்பு குறையும். 1930-களில் கனடாவில் டாக்டர் பெஸ்ட் குழுவினர் இதைக் கண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த எலிக்கு நோய் வந்தது குறையால், அதனால் சத்தைக் கொடுத்ததும் சரியானது. நம்மில் பெரும்பாலோருக்கு ஈரல் கொழுப்பு வருவது மிகுதியால். நிரம்பி வழியும் குடத்துக்கு மேலும் ஒரு செம்பு ஊற்றுவது வைத்தியம் ஆகாது.

இன்னும் இரண்டு வித்தியாசங்கள்

ஒன்று, அளவு. சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். அதன் எடைக்கு ஏற்றபடி கணக்குப் பார்த்தால், பல சோதனைகளில் கொடுத்த அளவு நாம் சமையலில் ஒருபோதும் சேர்க்காத அளவு.

இரண்டு, கூண்டு எலி போட்டதைத்தான் தின்னும். கல்யாணத்துக்குப் போகாது, டீக்கடையில் பஜ்ஜி வாங்காது. மனிதன் பவுடரைக் குடித்து விட்டு, "மருந்துதான் சாப்பிடுறோமே" என்று இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக் கொள்வான்.

குடம்புளி சொல்லும் பாடம்

1970-களில் குடம்புளிச் சத்தைக் கொடுத்த எலிகள் குறைவாகத் தின்றன, எடையும் குறைவாகவே ஏறியது. பின்னர் மாத்திரைகள் வந்தன. பிறகு பருமனான 135 மனிதர்களிடம் 12 வாரம் சோதித்தார்கள். 1998-ல் முடிவு வெளியானது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடை குறைவதில் வித்தியாசம் இல்லை. அதன்பின், இவ்வகை மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ஈரலே பழுதானதாக டாக்டர்கள் பதிவு செய்துள்ளார்கள். மஞ்சள் சத்து மாத்திரை, பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரை இவற்றாலும் அப்படி நேர்ந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம். குழம்பில் போடும் புளியும் மஞ்சளும் வேறு, சத்தை மட்டும் பிழிந்து அடைத்த மாத்திரை வேறு.

பலன் தந்ததும் உண்டு. 2010-ல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில், சர்க்கரை நோய் இல்லாத, ஈரல் வீக்கம் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஈ 96 வாரம் கொடுத்தார்கள். 100-க்கு 43 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெறும் மாத்திரையில் 19 பேருக்குத்தான். ஆனால் அது அதிக அளவு. டாக்டர் பார்த்து, வேண்டியவருக்கு மட்டும் கொடுப்பது. கடையில் கேட்டு வாங்குவது அல்ல.

அப்படியானால் என்னதான் வழி?

எடைதான் வழி. உடல் எடையில் 100-க்கு 5 பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். 7 முதல் 10 பங்கு குறைந்தால் வீக்கமும் தணியும். 70 கிலோ இருப்பவர் 5 முதல் 7 கிலோ குறைத்தால் போதும். அவசரம் வேண்டாம், ஆறு மாசம் எடுத்துக் கொள்ளுங்கள்.

• தட்டில் சோற்றைக் குறையுங்கள். கீரை, காய், பருப்பைக் கூட்டுங்கள்.
• வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் களியோ கம்போ சாப்பிடுங்கள். களி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை.
• டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். பாட்டில் குளிர்பானம் வேண்டாம்.
• தறியில் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் தினம் அரை மணி வேகமாக நடங்கள். பக்கத்துத் தெருவுக்கும் வண்டி எதற்கு?
• குடிப்பழக்கம் இருந்தால் அடியோடு விடுங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

கர்ப்பமாக இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும், குழந்தைக்காகக் காத்திருக்கும்போதும் இளைக்கும் பவுடர், மாத்திரை எதையும் தொடாதீர்கள். அதே சமயம், நர்ஸ் அம்மா கொடுக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை இதோடு சேர்த்துப் பயந்து நிறுத்தி விடாதீர்கள். அது உண்மையான குறைக்குக் கொடுக்கும் மருந்து. தவறாமல் சாப்பிடுங்கள்.

ஏற்கெனவே பவுடர் சாப்பிடுகிறவரா? கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, பசியே இல்லாமல் குமட்டினாலோ உடனே நிறுத்தி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கணவன் மட்டும் களி சாப்பிட்டு மனைவி மிச்சச் சோற்றைத் தீர்த்தால் பலன் இல்லை. இருவரும் சேர்ந்து தொடங்குங்கள். எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம்.

டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் முட்டையும் கீரையும் வாங்குங்கள். ஈரலும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்!