இல்லாத மானிட்டருக்கு ஓர் அடையாள அட்டை

கேபிள் இல்லை, பொத்தான் இல்லை, விளக்கு இல்லை. இரண்டு விரலுக்குள் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு, அதன் முனையில் எச்டிஎம்ஐ பிளக். அவ்வளவுதான். ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில், கேபிள் விற்கும் கடைகளில் 'டம்மி பிளக்' என்று கேட்டுப் பாருங்கள். இதைக் கணினியின் பின்புறம் செருகிவிட்டால், தன்னோடு ஒரு மானிட்டர் இணைந்திருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். யாரும் பார்க்காத படத்தை வினாடிக்கு 60 முறை வரைந்துகொண்டே இருக்கும்.

யாரும் பார்க்காத படம் எதற்கு? சிங்கப்பூரின் இடநெருக்கடியிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடுகளில் கீழ்த்தளம் முழுக்கச் சரக்கு. கணக்குப் பார்க்கும் கணினிக்கு மாடிப்படிக்கு அடியிலோ மேல்தளச் சேமிப்பறையிலோதான் இடம் கிடைக்கும். கல்லாவில் இருப்பவர் மடிக்கணினியிலிருந்து அதைத் தொலைவில் இயக்குவார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பாம் ஷெல்டர் எனும் பாதுகாப்பு அறைக்குள் ஒரு பழைய கணினியை வைத்து, குடும்பப் படங்களையும் கோப்புகளையும் அதில் சேமிப்பவர்கள் உண்டு. அதன் கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வைஃபை சரியாக வராது என்பதால் கேபிள் இழுத்திருப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களில் மானிட்டர் வைத்தால் அது இடத்தை அடைக்கும், தூசி பிடிக்கும். கழற்றிவிடத்தான் தோன்றும்.

கழற்றியதும் சிக்கல் ஆரம்பிக்கிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினியைத் தொலைவிலிருந்து திறந்தால் இன்று கறுப்புத் திரை வருகிறது. அல்லது எழுத்தெல்லாம் பெருத்துப்போய், இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கணினியைப் போல 1024×768 அளவில் ஒரு படம் வருகிறது. சாளரத்தை இழுத்தால் விட்டுவிட்டு நகர்கிறது. பலரும் முதலில் இணையத்தைத்தான் சந்தேகிப்பார்கள். செயலியை நீக்கி மறுபடி நிறுவுவார்கள், நினைவகத்தை மாற்றுவார்கள். கோளாறு அங்கெல்லாம் இல்லை. தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளில் பல, கிராபிக்ஸ் கார்டு வரைந்து வைத்த படத்தை நகலெடுத்து, சுருக்கி, நமக்கு அனுப்புகின்றன. மானிட்டர் இல்லை என்று தெரிந்ததும் கார்டு அந்தப் படத்தை வரைவதையே நிறுத்திவிடுகிறது, அல்லது பெயருக்கு ஒரு சிறிய படத்தை வைத்துக்கொள்கிறது. மூலம் இல்லாதபோது நகல் எங்கிருந்து வரும்?

மானிட்டர் இருக்கிறதா இல்லையா என்பதைக் கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. எச்டிஎம்ஐ இணைப்பில் 19 முனைகள். 18ஆம் முனை வழியாகக் கணினி 5 வோல்ட் மின்சாரத்தை வெளியே அனுப்புகிறது. மறுபுறம் மானிட்டர் இருந்தால், அது அந்த மின்னழுத்தத்தை 19ஆம் முனை வழியாகத் திருப்பிக் காட்டும். 'நான் இருக்கிறேன்' என்பதற்கு அது போதும். டம்மி பிளக்குக்குள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு மின்தடையைப் போட்டாலே அந்த வேலை முடிந்துவிடும்.

கணினி அதோடு விடுவதில்லை, 'நீ யார், உனக்கு எந்த அளவுப் படம் வேண்டும்?' என்று கேட்கிறது. 15, 16 ஆகிய இரு முனைகள் இதற்காகவே இருக்கின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய, இரண்டே கம்பிகளில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை இங்கே வேலை செய்கிறது. மானிட்டரிலுள்ள சிறிய நினைவகச் சிப் தன் அடையாள அட்டையை நீட்டுகிறது. இடிஐடி எனப்படும் அந்த அட்டையின் வடிவத்தை, திரைத் தயாரிப்பாளர்களுக்குப் பொதுவான வெசா அமைப்பு 1994இல் வகுத்தது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் மட்டுமே.

அந்த 128 பைட்டுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், இடம் சிக்கனமாக இருந்த காலத்துப் பொறியாளர்களின் கைத்திறன் தெரியும். முதலில் ஒரு 0, பிறகு ஆறு முறை 255, மறுபடி ஒரு 0. அட்டை இங்கே தொடங்குகிறது என்பதற்கான முத்திரை அது. அடுத்த இரண்டு பைட்டுகளில் தயாரிப்பாளரின் மூன்று எழுத்துகள், ஓர் எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் அடைக்கப்பட்டிருக்கும். டெல் மானிட்டர் என்றால் டி, இ, எல். சாம்சுங் என்றால் எஸ், ஏ, எம். 17ஆம் பைட்டில் தயாரித்த வாரம், 18ஆம் பைட்டில் ஆண்டு. ஆண்டை முழுதாக எழுதுவதில்லை, 1990ஐக் கழித்து மீதியை மட்டும் எழுதுகிறார்கள். 2024இல் செய்த மானிட்டரில் அங்கே 34 இருக்கும். ஒரு பைட்டில் 255 வரை எழுதலாம் என்பதால் 2245 வரை கவலையில்லை. பிறகு திரையின் நீள அகலம், நிறங்கள், ஏற்கும் பட அளவுகள். கடைசி பைட்டு சரிபார்ப்புக்கு: 128 எண்களையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படி வரவில்லையென்றால் அட்டையில் பிழை என்று பொருள்.

டம்மி பிளக் ஒன்றைப் பிரித்தால் உள்ளே எட்டுக் கால் கொண்ட அந்தச் சிறிய நினைவகச் சிப்பைப் பார்க்கலாம். 256 பைட்டு கொள்ளும் 24சி02 வகைச் சிப் இந்த வேலைக்குப் போதும். அடிப்படைப் பகுதி 128, ஒலியும் பிற விவரங்களும் கொண்ட கூடுதல் பகுதி 128, கணக்கு சரி. எதிரேயுள்ள சிம் லிம் டவரில் உதிரிபாகம் விற்கும் கடைகளுக்கு இந்த ரகச் சிப்புகள் புதிதல்ல. சாலிடரிங் தெரிந்த மாணவர் ஒருவர் அடையாள அட்டையைத் தாமே சிப்பில் எழுதிச் செருகிப் பார்க்கலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் குறைவு.

எச்டிஎம்ஐ வருவதற்கு முன்பே இந்தத் தந்திரம் இருந்தது. பழைய விஜிஏ இணைப்பில் கணினி சிவப்பு, பச்சை, நீலக் கம்பிகளில் 75 ஓம் மின்தடை தென்படுகிறதா என்று பார்க்கும். அந்தத் துளைகளில் மூன்று மின்தடைகளைச் செருகினால், மானிட்டர் இருப்பதாக நம்பிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய ஃபோல்டிங்அட்ஹோம் திட்டத்துக்காக, புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிடத் தம் கணினிகளைக் கொடுத்த ஆர்வலர்கள் இதைச் செய்தார்கள். மானிட்டர் இல்லாத கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் உறங்க வைத்துவிடும் என்பதால், கார்டை விழித்திருக்கச் செய்ய அவர்களுக்கு இந்தத் தந்திரம் கைகொடுத்தது.

சிங்கப்பூரில் மானிட்டர் இல்லாத கணினிகள் மிகுதியாக இருப்பது தரவு நிலையங்களில். எழுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள், 1.4 கிகாவாட்டுக்கு மேல் கொள்ளளவு. 2020இல் நாட்டின் மொத்த மின் பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு இவற்றுக்கே போனது. அங்கே டம்மி பிளக் தேவைப்படுவது அரிது. சர்வர்களின் தாய்ப்பலகையிலேயே தனியாக ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்திருக்கிறது. பெரிய கணினி அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும், திரையில் வர வேண்டியதைத் தானே படமாக்கி வலைப்பின்னலில் அனுப்பும். வீட்டுக் கணினியில் அந்த வசதி வழக்கமாக இருப்பதில்லை. சர்வரில் பெரும்செலவில் கிடைப்பதில் ஒரு பகுதியைச் சில வெள்ளி மதிப்புள்ள பிளக் நமக்குத் தருகிறது.

ஒரு பகுதியைத்தான் தருகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக் வாங்குவதற்கு முன் அது தேவைதானா என்று பாருங்கள். கட்டளை எழுதியே லினக்ஸ் கணினியை இயக்குபவருக்கு இது வேண்டாம். விண்டோஸ் புரோவிலுள்ள ரிமோட் டெஸ்க்டாப் தனக்கான திரையைத் தானே உருவாக்கிக்கொள்ளும், அதற்கும் வேண்டாம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளிலும் லினக்ஸிலும் அமைப்புக் கோப்பில் மாற்றம் செய்தே மானிட்டர் இருப்பதாக நம்ப வைக்கலாம். திரையிலுள்ள படத்தையே நகலெடுக்கும் தொலைவியக்கச் செயலிகள், ஒரு கணினியில் விளையாட்டை ஓடவிட்டு இன்னொன்றில் ஆடுவது, மானிட்டர் இல்லாமல் மந்தமாகும் சில மேக் மினி மாடல்கள் ஆகியவற்றுக்குத்தான் பிளக் நிஜமாகவே கைகொடுக்கிறது. அதிலும் 4கே என்று போட்ட பிளக்கைத் தேடிப் போக வேண்டாம். 1920×1080 அளவில் ஒரு படமே சுமார் 83 லட்சம் பைட்டு. வினாடிக்கு 60 என்றால் கிட்டத்தட்ட 50 கோடி பைட்டு. 4கே இதைப் போல நான்கு மடங்கு. சுருக்கும் வேலை முழுக்க அந்தப் பழைய கணினியின் தலையில்தான் விழும்.

நிஜ மானிட்டரும் பிளக்கும் ஒரே கணினியில் இருந்தால் இன்னொரு தொல்லை வரும். இல்லாத திரைக்கு மவுஸ் போய்விடும், புதிதாகத் திறக்கும் சாளரமும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி ஒரு திரையை மட்டும் தேர்ந்தெடுத்தால் தீரும்.

மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை. உறங்கும் மானிட்டர் எடுப்பது அரை வாட் அளவுதான், பிளக் செருகினால் கிராபிக்ஸ் கார்டு விழித்திருந்து கொஞ்சம் கூடுதலாகவே செலவழிக்கும். உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. அதை முறையாகத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைக்கும் சட்டம் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. திரை உடைந்த ஒரே காரணத்துக்காகக் கழிவாகும் மடிக்கணினிகளும் அந்தக் குவியலில் சேரத்தான் செய்கின்றன. திரையை மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று கடைக்காரர் சொன்னால், உடைந்த திரையைக் கழற்றிவிட்டு, பிளக் ஒன்றைச் செருகி, கோப்பு சேமிக்கவோ காப்பு நகல் எடுக்கவோ இன்னும் சில வருடம் அதை ஓட்டலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் நீங்களே கைவைக்க வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அகற்றுங்கள். தொலைவியக்கச் செயலிக்கு வலுவான கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம். இத்தனைக்குப் பிறகும் கணினி உதவாது என்றால் மறுசுழற்சித் தொட்டிக்குக் கொண்டுபோங்கள், அதற்கு முன் அதிலுள்ள தரவை மறக்காமல் அழித்துவிடுங்கள்.