விமான நிலைய லவுஞ்ச்: அழைத்தால் மட்டும் திறக்கும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மூன்று வருடம் முன்னால் அப்பாவை முதல் முறையாக விமானத்தில் கூட்டிக்கொண்டு போனேன். சென்னையிலிருந்து பெங்களூரு. கடலூரிலிருந்து மீனம்பாக்கம் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் டயர் பஞ்சரானால் என்ன செய்வது, மழை வந்தால் என்ன செய்வது என்று அப்பா கிளப்பிய அவசரத்தில் மூன்று மணி நேரம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டோம். கார்டுதான் இருக்கே என்று லவுஞ்சுக்குள் அழைத்துப் போனேன். ஆளுக்கு ஒரு கார்டைத் தேய்த்தோம், ஆளுக்கு 2 ரூபாய் பிடித்தார்கள். உள்ளே இட்லி, பொங்கல், தயிர்சாதம், காபி. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அப்பா இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு ரூபாய்க்கு இவ்ளோவா? மீதிய யார்ரா குடுக்கறா?"

"பேங்க் குடுக்குதுப்பா."

"பேங்க் ஏன் குடுக்கணும்?"

அப்பா கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் காசு என்று தெரியாமல் எதையும் சாப்பிட மாட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அதை வைத்துக்கொண்டு படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். லவுஞ்ச் என்று ஒரே பெயரில் சொன்னாலும், கதவு திறக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் மூன்று வகை இருக்கிறது.

1. கார்டுக்குத் திறப்பது

நானும் அப்பாவும் போனது இது. அந்த 2 ரூபாய் உங்கள் கார்டு உண்மையானதுதானா என்று சரிபார்க்கப் பிடிக்கும் தொகை. சாப்பாட்டுக் காசு தனி. நீங்கள் உள்ளே போகும் ஒவ்வொரு தடவைக்கும் லவுஞ்ச் நடத்துபவருக்கு ஒரு கட்டணம் போகிறது. உங்களிடம் கார்டைத் தள்ளிய வங்கியோ கார்டு நெட்வொர்க்கோ அதைக் கொடுக்கும். கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர்கள் கொடுக்கும் கமிஷன், ஆண்டுக் கட்டணம், தவணை தவறியவர்கள் கட்டும் வட்டி, இதெல்லாம் சேர்ந்த வருமானத்திலிருந்து அந்தக் காசு வருகிறது. அதனால்தான் வாசலில் வரிசை நீண்டதும் பல வங்கிகள் "மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால்தான் லவுஞ்ச்" என்று விதியை மாற்றின.

2. டிக்கெட்டுக்குத் திறப்பது

பிசினஸ் கிளாஸ், முதல் வகுப்பு, அடிக்கடி பறப்பவர் அட்டை. இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிராங்பர்ட்டுக்குப் போக வேண்டும். லுப்தான்சா 2004-ல் முதல் வகுப்புக்கென்று அங்கே தனிக் கட்டடமே திறந்தது. செக்யூரிட்டி, பாஸ்போர்ட் சோதனை எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். குளியல் தொட்டி உண்டு, அதோடு சின்ன ரப்பர் வாத்து பொம்மை தருவார்கள். அதைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நேரம் வந்ததும் விமானத்தின் அடிவரை காரில் கொண்டுபோய் விடுவார்கள். பெரிய ஆடம்பரம்தான். ஆனாலும் இது விதிப்படி திறக்கும் கதவு. அந்த டிக்கெட்டை யார் வாங்கினாலும் உள்ளே போகலாம்.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. படித்த காலத்தில் சிதம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த இரவுகள் நிறைய. மேல் வகுப்புக்காரர்களுக்குத் தனி அறை, நமக்கு பிளாட்பார பெஞ்சு, கொசு. ஆனால் எந்த டிக்கெட்டுக்கு எந்த அறை என்பது பலகையிலேயே எழுதியிருக்கும். கசப்பாக இருந்தாலும் வெளிப்படையான விதி. காசு சேர்ந்தால் ஒருநாள் நாமும் உள்ளே உட்காரலாம் என்று தெரியும்.

3. அழைத்தால் மட்டும் திறப்பது

இங்கேதான் பலகையே கிடையாது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்துக்கு "சேர்மன்ஸ் லவுஞ்ச்" என்று ஒன்று உண்டு. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், கான்பெரா, பெர்த், அடிலெய்டு என்று ஆறு ஊர்களில். கதவில் பெயர் இருக்காது. விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, எத்தனை மைல் பறந்தால் கிடைக்கும் என்ற கணக்கும் கிடையாது. நிறுவனத்தின் தலைமை பார்த்து அழைக்க வேண்டும். அமெரிக்காவில் யுனைடெட்டின் "குளோபல் சர்வீசஸ்", அமெரிக்கன் ஏர்லைன்ஸின் "கன்சியர்ஜ் கீ" ஆகியவையும் அழைப்பின் பேரில் தரப்படும் தகுதிகள்தான். 

எங்கள் துறைப் பாஷையில் சொன்னால், முதல் இரண்டு வகையிலும் ஒரு இஃப் கண்டிஷன் இருக்கிறது. மூன்றாவதில் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது.

இது புதுப் பழக்கமும் இல்லை. விமான நிறுவன லவுஞ்ச் என்ற யோசனையே இப்படித்தான் பிறந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-ல் நியூயார்க் லகார்டியாவில் "அட்மிரல்ஸ் கிளப்" தொடங்கியபோது நிறுவனம் அழைத்தவர்களுக்கு மட்டுமே இடம். பிறகு இது பாரபட்சம் என்று புகார் போய், 1974-ல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து வாரியம், உறுப்பினராக்குவதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்றது. அதன் பிறகுதான் காசு கட்டினால் உறுப்பினர் என்ற முறை பரவியது.

நம் நாட்டிலும் பதவிக்காகத் திறக்கும் அறைகள் உண்டு. விமான நிலையங்களில் "ரிசர்வ்டு லவுஞ்ச்" என்று பார்த்திருப்பீர்கள். எம்.பி.க்கள் போன்றவர்களுக்கானது. அவர்களுக்கு அங்கே டீ, காபி, தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று அமைச்சகமே அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் இங்கே கதவைத் திறப்பது பதவி. பதவி போனால் சோபாவும் போகும். இன்னாருக்கு உண்டு என்பது அரசு உத்தரவாக எழுத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து நீங்கள் கேள்வி கேட்கலாம், பத்திரிகையில் எழுதலாம்.

சரி, உள்ளே என்னதான் இருக்கு?

ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். எந்த நாடு, எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். எங்கள் கம்பெனிக்கு மென்பொருள் விற்க வந்த ஒரு பெரிய நிறுவனத்தின் அதிகாரியும் நானும் ஒரே விமானத்தில் திரும்ப வேண்டியிருந்தது. "வாங்க, இப்படி உட்காரலாம்" என்றார். பணியாளர்கள் போகும் வழி மாதிரி ஒரு சாம்பல் நிறக் கதவு. மணியை அழுத்தினார். உள்ளே இருந்த பெண்மணி அவரைப் பெயர் சொல்லி வரவேற்றார். என்னிடம் டிக்கெட்கூடக் கேட்கவில்லை.

தங்கக் குழாய், பளிங்குத் தரை என்று எதையாவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நல்ல ஓட்டலின் வரவேற்பறை மாதிரிதான் இருந்தது. நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், மெனு கொடுத்து, கேட்டதைச் செய்து கொண்டுவந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் ஆஹா என்று சொல்லும்படி இல்லை.

என்னை அசத்தியது உள்ளே எதெல்லாம் இல்லை என்பதுதான். அறிவிப்புச் சத்தம் இல்லை. சார்ஜர் செருக பிளக் தேடி அலையும் ஆள் இல்லை. பில் இல்லை, வரிசை இல்லை. நேரம் வந்ததும் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தது யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அங்கே இருந்தவர்களில் பலர் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன். ராத்திரி வேனைப் பிடித்து, ஐந்தாறு மணி நேரம் முன்னதாகவே வந்து, பெட்டியின் மேல் தலைவைத்துத் தூங்குபவர்கள். காத்திருப்பவருக்கான அறை என்றால் முதல் அழைப்பு அவர்களுக்கல்லவா போக வேண்டும்? ஆக, அந்த அறை காத்திருப்பதற்காகக் கட்டியது இல்லை.

அப்போ யார் காசு?

இந்த இடத்தில்தான் அப்பாவின் கேள்வி எனக்கு உதவியது. யாரும் காசு கட்டாத அறையை ஒரு நிறுவனம் ஏன் நடத்துகிறது? பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கிவிடும். பெரிய கம்பெனித் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எந்த விமானத்தில் பறப்பது என்பது அவர்கள் கையில். அடுத்து, அரசியல்வாதிகளும் உயர் அதிகாரிகளும். ஒரு விமான நிறுவனத்தின் லாபம் எந்தப் போட்டியாளருக்கு எத்தனை விமானம் இயக்க அனுமதி என்ற அரசு முடிவைப் பொறுத்தது.

ஆஸ்திரேலியாவில் எம்.பி.க்கள் தாங்கள் பெறும் சலுகைகளைப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெரும்பாலான எம்.பி.க்கள் சேர்மன்ஸ் லவுஞ்ச் உறுப்பினர் என்று எழுதியிருக்கிறார்கள். 2023 ஜூலையில் கத்தார் ஏர்வேஸ் வாரத்துக்குக் கூடுதலாக 28 விமானங்கள் இயக்கக் கேட்ட அனுமதியை அந்நாட்டு அரசு மறுத்தது வெளியே வந்தது. அது குவாண்டாஸுக்குச் சாதகமான முடிவு. அடுத்த சில வாரங்களில், பிரதமரின் மகனுக்கும் அந்த லவுஞ்சில் இடம் தரப்பட்டிருந்த செய்தி வெளியானது. ஊரே பேசியது, செனட் குழு விசாரித்தது. 2024 அக்டோபரில் ஜோ ஆஸ்டன் என்ற பத்திரிகையாளர் குவாண்டாஸைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அந்த லவுஞ்சின் பெயரையே வைத்தார்.

லவுஞ்சில் சாப்பிட்டதற்காக யாரோ அனுமதியை மறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தேச நலனைப் பார்த்து எடுத்த முடிவு என்பது அரசின் விளக்கம். விஷயம் அதைவிட நுட்பமானது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு யாரும் விலைபோக மாட்டார்கள். ஆனால் பத்து வருடம் ஒரு வீட்டில் நல்ல காபி குடித்தவருக்கு அந்த வீட்டைப் பற்றிக் கெட்டது எழுதக் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு ரசீது கிடையாது. டிக்கெட்டில் ஏறும் சில ரூபாய்களாக, குறைந்துபோன போட்டியாக, அது வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் விழும்.

நம் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் வருட நடத்தை விதிகளில் பரிசுப் பொருள் பற்றி 13-வது விதி இருக்கிறது. எப்போதாவது ஒரு சாப்பாடு, வண்டியில் ஓர் இடம், இதெல்லாம் பரிசாகாது என்று மனிதத்தன்மையோடு சொல்லிவிட்டு, அலுவல் தொடர்பு உள்ளவரிடம் ஆடம்பரமான உபசரிப்பையோ அடிக்கடி உபசரிப்பையோ தவிர்க்க வேண்டும் என்கிறது. அப்பா இந்த விதியை எண்ணோடு சொல்ல மாட்டார். "எவன் பைல் என் மேசைமேல இருக்கோ, அவன் வீட்டு டீ எனக்கு வேணாம்" என்பார். அவ்ளோதான். சின்ன வயதில் எனக்கு அது பிழைக்கத் தெரியாத பேச்சாகப் பட்டது.

இப்போது நான் சொல்லாமல் விட்ட பகுதி. அந்தச் சாம்பல் கதவைத் தாண்டி வந்த பத்தாவது நாள், எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்யும் குழு கூடியது. நானும் அதில் ஒருவன். மூன்று நிறுவனங்கள், பன்னிரண்டு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். வாடிக்கையாளர் சேவை என்ற வரிசையில் அந்த நிறுவனத்துக்கு 6 போட வேண்டியவன், 7 போட்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். கடைசியில் வேறு நிறுவனம் தேர்வானது, அதனால் எந்த நஷ்டமும் இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை. இந்த வலைப்பதிவை போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.