செம்மலை சொல்லும் அறம்

சிங்கப்பூரிலுள்ள புக்கிட் மேரா என்னும் பெயருக்குச் செம்மலை என்பது பொருள். 'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் நூல் கூறும் கதையொன்றோடு மக்கள் இப்பெயரை இணைப்பர். வாள்மீன்கள் கரையைத் தாக்கியபோது அரசன் மக்களை வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே அரணாக்கினான், பலர் மாண்டனர். வாழை மரங்களை வெட்டி நிறுத்தச் சொல்லி ஊரைக் காத்தான் ஒரு சிறுவன். இவன் வளர்ந்தால் ஆபத்தென்று பெருமக்கள் கூற, அரசன் அவனைக் கொல்வித்தான். அக்குருதியால் மலை சிவந்ததென்பது செவிவழிச் செய்தி.

அரசனை ஆட்டியது இன்ப வேட்கையன்று, அச்சம். எனினும் அவ்வச்சம் ஆட்சி ஆசையின் நிழலே. வள்ளுவர் துறவிக்கு 'அவா அறுத்த'லை 37ஆம் அதிகாரத்தில் வைத்தார்; ஆள்வோனுக்கு 'வெருவந்த செய்யாமை'யை 57ஆம் அதிகாரமாக வகுத்தார். ஆள விரும்புதல் குற்றமன்று. காத்தவனையே பகைவனாகக் காணுமளவு அவ்விருப்பம் திரிவதே குற்றம். அறிவைக் கொன்ற அரசு அடுத்த இடுக்கணில் யாரிடம் வழி கேட்கும்?