எலும்பு ஒட்டு வைத்தும் கூடலையா? ‘ஷாக் வேவ்’ பற்றித் தெரிஞ்சுக்கோங்க

ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் கால் உடைந்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டு வைத்தும் மாதக்கணக்கில் கூடவில்லையா? டாக்டர் ‘ஷாக் வேவ்’ என்றால் பயப்படாதீங்க. அது கரண்ட் ஷாக் இல்லை, ஒலி அலை. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்படுத்திய அதே வகைதான். எலும்பில் பட்டால், அந்த இடத்தில் புது ரத்தக்குழாய்கள் வளரத் தூண்டும்.

ஒன்றை மட்டும் கவனிங்க. குதிகால் வலிக்குப் பிசியோதெரபி மையங்களில் வைக்கும் கருவிகள் பல, மேலோட்டமாகத்தான் வேலை செய்யும். எலும்புக்கு, ஆழத்தில் ஒரே புள்ளியில் அலையைக் குவிக்கும் கருவி வேணும். ‘எத்தனை சிட்டிங், எவ்வளவு ஆகும்’னு கேட்கும் முன்னாடி இதைக் கேளுங்க. எலும்புகளுக்கிடையே இடைவெளி பெரிசா இருந்தாலோ, பிளேட் ஆடினாலோ, சீழ் பிடித்திருந்தாலோ இது போதாது. பெரும்பாலும் மறு ஆபரேஷன்தான். பலன் தெரியவே 3 முதல் 6 மாதம் ஆகலாம். அதுவரை பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

பணம் கட்டும் முன், பழைய எக்ஸ்ரேக்களோடு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் ஒருமுறை காட்டிடுங்க. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போகலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்க சிகிச்சை அதில் வருமான்னு 1800 425 3993-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.