டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

திடம், திரவம், வாயு, பிளாஸ்மா. இவை போக ஐந்தாவது நிலை ஒன்றும் பொருளுக்கு உண்டு. அதற்கு விதை போட்ட இந்தியருக்கு நோபல் மட்டும் வாய்க்கவில்லை.

1924 ஜூன் 4. டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்த 30 வயது சத்யேந்திரநாத் போஸ், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். நேரில் பார்த்ததில்லை. கையில் டாக்டர் பட்டமும் கிடையாது. பிரசுரிக்கத் தகுதியானது என்று பட்டால் ஜெர்மன் மொழியில் வெளிவர உதவ முடியுமா என்பதுதான் வேண்டுகோள். ஐன்ஸ்டைன் தானே அதை மொழிபெயர்த்து, முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்போடு ஆய்விதழுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் கட்டுரை வெளியானது.

அப்படி என்ன சொல்லிவிட்டார் போஸ்? இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். தலை-தலை, பூ-பூ, தலை-பூ, பூ-தலை என நான்கு வாய்ப்புகள். இரண்டும் ஒரே மாதிரி விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஒளித்துகள்களில் இது முதலாவது, அது இரண்டாவது என்று பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே தலை-பூவும் பூ-தலையும் ஒன்றுதான். மீதமிருப்பது மூன்றே வாய்ப்புகள். அவற்றில் இரண்டு, 'ஒரே மாதிரி' ரகம். சுருக்கமாக, இவை கும்பல் சேரும் துகள்கள்.

இந்தக் கணக்கை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கும் பொருத்தினார். திடப்பொருளில் துகள்கள் இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. திரவத்தில் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன. வாயுவில் இஷ்டத்துக்குப் பறக்கின்றன. நம் அறையின் காற்றில் மூலக்கூறுகளின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். குளிரக் குளிர வேகம் குறையும். மைனஸ் 273.15 டிகிரியை நெருங்கும்போது, சில வகை அணுக்கள் தனித்தன்மையை இழந்து, எல்லாம் சேர்ந்து ஒரே அணுவைப் போல நடந்துகொள்ளும் என்றார் அவர்.

நிரூபிக்க 71 ஆண்டுகள் ஆயின. 1995 ஜூன் 5 அன்று, அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ரூபிடியம் அணுக்களை லேசர் ஒளியால் வேகம் குறைத்து, காந்தப் பொறியில் அடைத்தனர். பிறகு சூடான அணுக்களை மட்டும் வெளியேற விட்டனர். டம்ளர் டீ ஆறுவதும் இப்படித்தான். சுழி வெப்பநிலைக்கு மேல், ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான சூட்டில், ஏறக்குறைய 2,000 அணுக்கள் ஒன்றாயின. சில மாதங்களில் வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியம் அணுக்களில் அதைச் சாதித்தார். 2001இல் மூவருக்கும் நோபல் பரிசு.

அந்த மேடையில் போஸ் இருந்திருக்க முடியாது. அவர் 1974லேயே காலமாகிவிட்டார்; மறைந்தவர்களுக்கு நோபல் இல்லை. உயிரோடு இருந்தபோது அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பலனில்லை. இந்திய அரசு 1954இல் பத்ம விபூஷண் அளித்தது.

அவருடைய கவலையோ வேறாக இருந்தது. தாய்மொழியில் அறிவியல் சொல்ல முடியாது என்பவர்களை அவர் ஏற்கவில்லை. 1948இல் கல்கத்தாவில் வங்க அறிவியல் பரிஷத்தைத் தொடங்கி, வங்க மொழியிலேயே அறிவியல் இதழும் கொண்டுவந்தார்.

பரிசு தராத உலகம் பெயரைத் தந்தது. இயற்கையில் துகள்கள் இரண்டே இனம். அதில் ஓர் இனத்தின் பெயர் போஸான். 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் போஸ்-ஐன்ஸ்டைன் நிலை உருவாக்கப்பட்டது. டாக்காவில் தபாலில் சேர்த்த கடிதம் பூமியைத் தாண்டியும் போய்விட்டது.