ஒரு சுவிட்ச்... 121 உயிர்!

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி கிளம்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் இரும்பு ராடால் ஒவ்வொரு டயரையும் 'டங்... டங்...' என்று தட்டிக்கொண்டே ஒரு ரவுண்ட் வருவார். பெரம்பலூர் ரோட்டு டீக்கடையில் நின்று பல தடவை ரசித்திருக்கிறேன். சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள்!

விமானத்திலும் இதே கதைதான். புறப்படுமுன் பைலட்டுகளில் ஒருவர் இறங்கி டயர், இறக்கை, என்ஜின் என்று பார்த்தபடி சுற்றி வருவார். பிறகு காக்பிட்டுக்குள் இன்னொரு ரவுண்ட். ஒருவர் லிஸ்ட்டைப் படிக்க, மற்றவர் சுவிட்சைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வம்பு இங்கேதான். தினமும் சொல்கிற பதில்... வாய் சொல்லிவிடும், கண் பார்த்திருக்காது.

2018 செப்டம்பர் 20. மும்பையிலிருந்து 166 பயணிகளோடு ஜெய்ப்பூர் கிளம்பியது ஜெட் ஏர்வேஸ் விமானம். கேபினுக்குள் காற்றழுத்தம் தருகிற சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். மேலே ஏற ஏற, சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம்! ஆக்ஸிஜன் மாஸ்க்குகள் தொங்க, விமானம் மும்பைக்கே திரும்பியது.

சுவிட்ச் என்ன செய்கிறது? 35,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குகூடக் கிடையாது. அதனால் என்ஜின் அழுத்திய காற்றில் கொஞ்சம் எடுத்து, குளிரவைத்து, உள்ளே செலுத்துகிறார்கள். வால் பக்கத்து வால்வு வழியே அளவாக வெளியே விடுகிறார்கள். ஓட்டை டியூபுக்கு விடாமல் பம்ப் அடிக்கிற மாதிரி! உள்ளே இருப்பவருக்கு ஊட்டிக்குச் சற்று மேலே உட்கார்ந்திருப்பது போலத்தான்.

மும்பைக்காரர்கள் பிழைத்தார்கள். 2005 ஆகஸ்ட் 14-ல் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழுது பார்த்தவர்கள் அழுத்த சுவிட்சை 'மேனுவல்' நிலையிலேயே விட்டுப் போனார்கள். பைலட்டுகளின் சோதனையிலும் அது தப்பியது. மேலே அலாரம் அடித்தது. வேறு கோளாறு என்று நினைத்துக் கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மயக்கம். தானியங்கி ஓட்டியில் ஏதென்ஸ் வரை போய் வட்டமடித்த விமானம், எரிபொருள் தீர்ந்து மலையில் மோதியது. 121 பேரும் பலி.

ஆக்ஸிஜன் குறைந்தால் வலிக்காது. அதுதான் மோசம். மூளை மந்தமாவது மூளைக்கே தெரியாது.

லப்பைக்குடிக்காட்டு நண்பர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வந்தவர், "அந்தப் பொண்ணு மாஸ்க் மாட்டிக் காட்டுறப்ப யாருங்க பார்க்குறா? நான் தூங்கிடுவேன்" என்றார்.

பாருங்க பாய்! 35,000 அடியில் அழுத்தம் போனால் சுயநினைவோடு இருக்க அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். அதனால்தான் முதலில் உங்கள் மாஸ்க், அப்புறம் குழந்தைக்கு என்கிறார்கள். மாஸ்க்கைச் சுண்டி இழுத்தால்தான் பெரும்பாலான விமானங்களில் ஆக்ஸிஜன் வரும். பை உப்பவில்லையே என்று கழற்றிவிடாதீர்கள். உப்பாவிட்டாலும் வந்துகொண்டுதான் இருக்கும்.