அமுக்கினால் இறங்குவதா, திரும்புவதா?

ட்ரம்பெட்டில் இருப்பது மூன்றே வால்வு. எப்படி அத்தனை சுரங்கள்? உதடும் மூச்சும் பாதி வேலை. மீதி குழாயின் நீளம். முதல் வால்வை அமுக்கினால் காற்று ஒரு சுற்றுவழியில் போய் வருகிறது. குழாய் ஏறக்குறைய 12 சதவீதம் நீண்டதாகிவிட, இரண்டு அரைச்சுரம் இறங்குகிறது.

காற்றைத் திருப்பும் விதத்தில்தான் இரண்டு கட்சி. 1830களின் கடைசியில் பாரிஸில் பெரினே செம்மைப்படுத்திய பிஸ்டன், துளைகள் போட்ட உருளை. விரல் அமுக்கக் கீழே இறங்கும்; ஸ்பிரிங் மேலே தள்ளும். 1835-இல் வியன்னாவில் ரீடல் காப்புரிமை வாங்கிய சுழல் வால்வோ கால் வட்டம்தான் திரும்பும், பழைய பித்தளைக் குழாய்த் திருகு மாதிரி. நடுவில் நெம்புகோல் இருப்பதால் விரலுக்கு அலைச்சல் குறைவு. சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போகும்.

பிஸ்டனைப் பாதி அமுக்கிச் சுரத்தைக் குழைக்கலாம். ஜாஸ்காரர்கள் விடுவார்களா? சுத்தம் செய்வதும் சுலபம்: மூடியைத் திருகி, உருவி, துடைத்து, நாலு சொட்டு எண்ணெய். சுழல் வால்வைக் கழற்ற, மெல்லத் தட்டி எடுக்கும் கைப்பக்குவம் வேண்டும், பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வியன்னா பில்ஹார்மோனிக்கின் ட்ரம்பெட்டுகளில் இன்றும் சுழல் வால்வுதான். வேடிக்கை என்னவென்றால், அதே குழுவின் வியன்னா ஹார்னில் அது கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் ஜோடிப் பிஸ்டன்!